வயிற்றைக் கிழித்தால்தான் தெரியுமா?

திமிங்கிலம் என்ன தின்கிறது என்று அறிய வேண்டுமானால் அதைக் கொன்று வயிற்றைத் திறந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. திமிங்கில வேட்டையைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இந்த வாதமும் கூடவே எழும். 1987-88 பருவத்திலிருந்து அண்டார்க்டிக் கடலில் ‘ஆராய்ச்சி’யின் பேரில் ஜப்பான் நடத்திய வேட்டைக்குச் சொல்லப்பட்ட முக்கிய நியாயங்களில் இதுவும் ஒன்று. 2005 வரை நடந்த முதல் திட்டத்தில் மட்டும் சுமார் 6,700 மிங்க் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. வேட்டையை வெறுப்பவர்களில்கூடப் பலர், “கொடுமைதான், ஆனால் அறிவியலுக்கு வேறு என்ன வழி?” என்று இந்த இடத்தில் வாயடைத்துப்போகிறார்கள். வழி இருக்கிறது. அது திமிங்கிலத்தின் தோலுக்கு அடியிலேயே இருக்கிறது.

தோலுக்குக் கீழே கொழுப்பு தடித்த படலமாகப் படிந்திருக்கிறது. ஆர்க்டிக் கடலின் வில்தலைத் திமிங்கிலத்துக்கு அது 40 சென்டிமீட்டரையும் தாண்டும். குளிரைத் தடுக்கவும், மிதக்கவும், இரை கிடைக்காத மாதங்களைக் கடக்கவும் உதவும் சேமிப்பு அது. அந்தச் சேமிப்பு எங்கிருந்து வந்தது என்ற அடையாளமும் அதிலேயே தங்கிவிடுகிறது. நாம் உண்ணும் மாவுச்சத்து குளுக்கோஸாகிவிட்டால், அது அரிசியிலிருந்து வந்ததா கோதுமையிலிருந்து வந்ததா என்று ரத்தத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கொழுப்பின் கதை வேறு. 14 கார்பனுக்கு மேல் நீளமுள்ள கொழுப்பு அமிலங்கள் குடலில் உறிஞ்சப்பட்டு, பெரும்பாலும் உருமாறாமலே உடற்கொழுப்பில் போய்ச் சேர்கின்றன.

வட அட்லாண்டிக்கில் அரிசிமணி அளவே உள்ள கோப்பிபாட் என்னும் மிதவை உயிரி, 20, 22 கார்பன் நீளமும் ஒரேயோர் இரட்டைப் பிணைப்பும் கொண்ட கொழுப்பு ஆல்கஹால்களைத் தானே தயாரிக்கிறது. அதைத் தின்னும் ஹெர்ரிங், கேப்பலின் மீன்களில் இவை கொழுப்பு அமிலங்களாகத் தங்குகின்றன. அந்த மீன்களைத் தின்னும் திமிங்கிலத்தின் கொழுப்பிலும் அதே அமிலங்கள் தலைகாட்டும். இறால் போன்ற சிற்றுயிரான அண்டார்க்டிக் கிரில்லில் இவை மிகக் குறைவு. டயட்டம் பாசியில் தொடங்கும் உணவுச்சங்கிலிக்கு ஒரு வகை அமிலச் சேர்மானம் உண்டு, டைனோஃபிளாஜெல்லேட் பாசியில் தொடங்குவதற்கு இன்னொரு வகை. ஒமேகா-3 அமிலங்களை எந்தப் பாலூட்டியாலும் அடியிலிருந்து புதிதாக உருவாக்க முடியாது. எனவே ஒரு திமிங்கிலத்தில் அவை எவ்வளவு இருந்தாலும் அவற்றின் மூலம் எங்கோ ஒரு பாசிதான்.

மாதிரி எடுக்கும் முறையைப் பார்ப்போம். படகு பத்திருபது மீட்டர் தொலைவில் நிற்கும். குறுக்குவில்லிலிருந்தோ அதற்கென்றே செய்த துப்பாக்கியிலிருந்தோ ஓர் அம்பு பாயும். அதன் முனையில் பென்சில் பருமனுக்கு, சில சென்டிமீட்டர் நீளத்தில், உள்ளே கூடான எஃகுக் குழாய் இருக்கும். முதுகுத்துடுப்புக்குக் கீழே பட்டதும் அம்பு தானே தெறித்து நீரில் மிதக்கும். திமிங்கிலம் ஒருமுறை சிலிர்க்கும், சில வேளை வாலை அடிக்கும், பெரும்பாலும் சில நிமிடங்களில் பழையபடி நீந்தத் தொடங்கிவிடும். குழாய்க்குள் மேலே மெல்லிய கறுப்புத் தோலும், கீழே எண்ணெய் பளபளக்கும் வெண்மையான கொழுப்பும் இருக்கும். அதைக் கடுங்குளிரில் உறையவைத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே குளோரோஃபார்ம், மெத்தனால் கலவையில் கொழுப்பைப் பிரித்து, அமிலங்களை மெத்தில் எஸ்டர்களாக்கி வாயு குரோமட்டோகிராஃப் கருவியில் செலுத்தினால், அறுபது எழுபது கொழுப்பு அமிலங்கள் தனித்தனி முகடுகளாக வரைபடத்தில் எழும். மேலிருந்த தோலும் வீணாவதில்லை. அதன் டிஎன்ஏ ஆணா பெண்ணா, எந்தக் கூட்டம் என்று சொல்லும். அதிலுள்ள கனமான நைட்ரஜன் ஐசோடோப்பின் விகிதம், அந்த விலங்கு உணவுச்சங்கிலியின் எத்தனையாவது படியில் உண்கிறது என்று காட்டும்.

இதை ஏற்காதவர்கள் முதலில் சொல்வது, வயிறுதான் நேரடிச் சாட்சி, கொழுப்பு வெறும் ஊகம் என்பது. வயிறு நேரடிச் சாட்சிதான், ஆனால் கடைசி வேளை உணவுக்கு மட்டும். கிரில்லும் சிறுமீன்களும் சில மணி நேரத்தில் கரைந்துவிடும். கணவாயின் கைட்டினாலான அலகோ எளிதில் கரையாது. அதனால்தான் எண்ணெய்த் திமிங்கிலங்களின் வயிற்றில் அவை ஆயிரக்கணக்கில் குவிந்து கிடந்தன. மென்மையான உடல்கொண்ட இரை வயிற்றுக் கணக்கில் குறைந்து தெரியும், கடினப் பாகமுள்ள இரை கூடித் தெரியும். கப்பல் போன இடத்தில், கப்பல் போன மாதத்தில் சிக்கிய திமிங்கிலத்தின் அன்றைய இரை என்ன என்பதற்கு மேல் வயிறு எதுவும் சொல்லாது. கொழுப்பு வாரங்களையும் மாதங்களையும் சேர்த்துச் சொல்கிறது.

கொலையாளித் திமிங்கிலம் எனப்படும் ஓர்க்காக்களில் வடகிழக்குப் பசிபிக்கில் வாழ்பவை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே மூன்று வகைகள் ஒன்றோடொன்று கலக்காமல் வாழ்கின்றன. ஒரு வகை மீன் மட்டுமே தின்னும், இன்னொன்று சீல் போன்ற பாலூட்டிகளை வேட்டையாடும், மூன்றாவது கரையைவிட்டு வெகுதூரத்தில் திரியும். 2005இல் வெளியான ஓர் ஆய்வு, அம்பு மாதிரிகளின் கொழுப்பு அமிலங்களை மட்டும் வைத்தே ஒவ்வொரு விலங்கும் இந்த மூன்றில் எது என்று சரியாகப் பிரித்துக் காட்டியது. அதிகம் ஆராயப்படாத அலூஷன் தீவுப் பக்கத்து ஓர்க்காக்களிடமும் மீனுக்கும் பாலூட்டிக்கும் இடையிலான அதே பிரிவினை இருப்பது அப்போது தெரியவந்தது. கொழுப்பில் தேங்கும் நஞ்சுகளும் இதையே சொல்கின்றன. 2000இல் வெளிவந்த அளவீட்டில், மீன் தின்னும் வடக்குக் கூட்டத்து ஆண்களின் கொழுப்பில் பிசிபி என்ற நஞ்சு கிலோவுக்குச் சராசரியாக 37 மில்லிகிராம், பாலூட்டி தின்னும் ஆண்களில் 251. பெண்களின் அளவை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அவை பாலோடு சேர்த்து நஞ்சையும் குட்டிக்குக் கொடுத்துவிடுகின்றன. அறுத்த வயிறு ஆயிரம் இருந்தாலும் இப்படி ஒரு செய்தி அதிலிருந்து கிடைக்காது.

அடுத்த ஆட்சேபம் கனமானது, அதைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. அம்பு எடுப்பது வெளிப்புறக் கொழுப்பை மட்டுமே, உணவின் பதிவு அதிகம் இருப்பதோ உட்புறத்தில் என்கிறார்கள். கொழுப்புப் படலம் மேலிருந்து கீழ்வரை ஒரே சீரானதல்ல என்பது உண்மை. தசையை ஒட்டிய உள்ளடுக்கில்தான் கொழுப்பு வேகமாகச் சேர்ந்து வேகமாகக் கரைகிறது. வெளியடுக்கு மெதுவாக மாறும். குளிரில் உறைந்து இறுகாதிருக்க உதவும் 14, 16 கார்பன் அமிலங்கள் அங்கே அதிகம். ஓர்க்காக்களை வகை பிரித்த சியாட்டில் அரசு ஆய்வகத்தார் இதை அறியாதவர்கள் அல்ல. அடுக்கடுக்காக எடுத்துச் சோதித்து, 2004இலேயே அந்த வேறுபாடுகளை வெளியிட்டவர்கள் அவர்கள். ஓர் இனத்துக்குள் எல்லா விலங்குகளிடமும் ஒரே ஆழத்தில் எடுத்து ஒப்பிட்டால் வெளியடுக்கும் உண்மை பேசும். சாப்பாட்டில் இந்த இரை இத்தனை சதவீதம் என்று அதைக்கொண்டு எழுதத் துணிவதுதான் தவறு.

சதவீதம் சொல்லும் முறை ஒன்றும் உண்டு. கனடாவின் ஹாலிஃபாக்ஸில் ஆய்வாளர் சாரா ஐவர்சன் குழுவினர் 2004இல் அதை வெளியிட்டார்கள். தெரிந்த உணவை அளந்து ஊட்டிய சீல்கள் அதற்கு அளவுகோலாக அமைந்தன. நீலத் திமிங்கிலத்தைத் தொட்டியில் வைத்து யாரும் அப்படி ஊட்ட முடியாது. ஆகவே பெருந்திமிங்கிலங்களுக்கு அந்தச் சதவீதங்களை நம்பி எழுத முடியாது. கொழுப்பு வேதியியலை ஆதரிப்பவர்கள் இந்த எல்லையை மறைத்துப் பேசினால் எதிர்த்தரப்புக்கே வலுச் சேர்க்கிறார்கள்.

கொழுப்பில் பாதியைத் திமிங்கிலமே தயாரித்துக்கொள்கிறதே, அதில் இரையை எப்படித் தேடுவது என்பது மூன்றாவது கேள்வி. எது திமிங்கிலத்தின் சொந்தத் தயாரிப்பு என்பது தெரிந்த விஷயம். பிரெஞ்சு வேதியியலர் செவ்ரூல் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே டால்ஃபின் எண்ணெயிலிருந்து ஐசோவலெரிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். அது மீனிலிருந்து வந்ததல்ல, டால்ஃபின் உடலே ஆக்கியது. எண்ணெய்த் திமிங்கிலமும் அலகுத் திமிங்கிலங்களும் தங்கள் கொழுப்பைப் பெருமளவு மெழுகு எஸ்டர்களாகவே சேர்த்துவைக்கின்றன. ஆய்வாளர் ஹெதர் கூப்மன் 30 பல்திமிங்கில இனங்களின் கொழுப்பை ஒப்பிட்டு, இந்தச் சொந்தத் தயாரிப்பு எந்தெந்தக் குடும்பத்தில் எப்படி என்று 2007இல் வெளியிட்டார். அவற்றை ஒதுக்கிவிட்டு, உணவால் மட்டுமே வரக்கூடியவற்றை எடுத்துக்கொள்வதுதான் முறை. நோவா ஸ்கோஷியாவுக்கு அப்பால் ‘தி கல்லி’ என்ற ஆழ்கடல் பள்ளத்தாக்கில் வாழும் வடக்குப் போத்தல்மூக்குத் திமிங்கிலங்களில் இப்படித்தான் பார்த்தார்கள். கொழுப்பு அமிலமும் ஐசோடோப்பும் சேர்ந்து கோனாட்டஸ் என்ற கணவாயைக் காட்டின. ஒரு விலங்கும் சாகவில்லை.

இனி, ‘எவ்வளவு’ என்ற கேள்வி. வேட்டை ஆதரவாளர்களுக்கு மிக வேண்டிய கேள்வி இது. ஆண்டுக்கு 28 கோடி முதல் 50 கோடி டன் வரை திமிங்கிலங்கள் தின்கின்றன, மனிதர் பிடிக்கும் மீனைவிடப் பல மடங்கு என்று 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். திமிங்கிலம் நம் மீனைத் தின்றுவிடுகிறது, எண்ணிக்கையைக் குறைத்தால் மீனவர் பிழைப்பார் என்ற பேச்சு அதிலிருந்து பிறந்தது. கொழுப்பு மாதிரி டன் கணக்குச் சொல்லாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அறுத்த வயிறும் அதைச் சொல்லவில்லை என்பதை அவர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பல்லுக்குப் பதிலாக வாயில் சல்லடைத் தகடுகள் கொண்ட, ஏழு இனங்களைச் சேர்ந்த 321 பலீன் திமிங்கிலங்களின் முதுகில் ஒட்டுக்கருவிகளைப் பொருத்தி, ஒவ்வொரு முறை வாய் திறப்பதையும் எண்ணி, டிரோன் படங்களால் உடல் அளவையும் ஒலி அலைகளால் இரையின் அடர்த்தியையும் அளந்த ஆய்வு 2021இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. முந்தைய மதிப்பீடுகளைப் போலச் சராசரியாக மூன்று மடங்கு தின்கின்றன என்றது அது. கொன்று பார்த்த அத்தனை ஆண்டுகளிலும் கிடைக்காத திருத்தம், உயிருள்ள விலங்கிடமிருந்து கிடைத்தது.

மூன்று மடங்கு என்றதும் ‘நம் மீன்’ வாதம் வலுப்பெறுவதாகத் தோன்றலாம். அதே ஆய்வு சொல்வதை முழுதாகக் கேட்க வேண்டும். 20ஆம் நூற்றாண்டு வேட்டைக்கு முன் தென்கடல் பலீன் திமிங்கிலங்கள் ஆண்டுக்கு 43 கோடி டன் கிரில் தின்றிருக்கின்றன. இன்று அண்டார்க்டிக் கிரில் மொத்தமுமே அதில் பாதிதான். தின்னும் வாய்கள் போனபின் கிரில் பெருகியிருக்க வேண்டும், பெருகவில்லை. திமிங்கிலச் சாணம் மேல்நீருக்குக் கொண்டுவந்த இரும்புச்சத்து நின்றுபோனதும் பாசி வளம் குன்றியது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். மீன் விஷயத்தையும் 2009இல் ஆய்வாளர்கள் லியா கெர்பர், டேனியல் பாலி உள்ளிட்டோர் வடமேற்கு ஆப்பிரிக்கா, கரீபியன் கடல்களுக்குக் கணக்கிட்டார்கள். திமிங்கிலங்களை நீக்கினாலும் மீன்பிடிப்பு சொல்லும்படி கூடவில்லை. அந்த வெப்பக் கடல்களுக்கு அவை முக்கியமாகக் குட்டி ஈனவே வருகின்றன, அங்கே அவை தின்பது மிகக் கொஞ்சம்.

கொழுப்பின் தடிமனை அளக்கவாவது கொல்ல வேண்டாமா என்பார்கள். 18 ஆண்டு வேட்டையின் பயனாக, மிங்க் திமிங்கிலங்களின் கொழுப்பு ஆண்டுக்குச் சுமார் 0.02 சென்டிமீட்டர் மெலிந்தது என்று 2008இல் ஒரு கட்டுரை வந்தது. அதன் புள்ளியியல் பற்றிச் சர்வதேச திமிங்கில ஆணையத்தின் அறிவியல் குழுவில் நெடுநாள் வாக்குவாதம் நடந்தது. இன்று தெற்கு ரைட் திமிங்கிலத் தாய்களை மேலிருந்து டிரோனில் படமெடுத்து, பாலூட்டும் மாதங்களில் அவை எவ்வளவு இளைக்கின்றன என்று வாரம் வாரமாக அளக்கிறார்கள். கொன்ற விலங்கை இரண்டாம் முறை அளக்க முடியாது.

வயிற்றை அறுத்ததால் எதுவுமே தெரியவரவில்லை என்று நான் சொல்லவில்லை. 1966 நவம்பரில் சோவியத் கப்பல்கள் அரபிக்கடலில், ஓமானிலிருந்து இந்தியாவின் வடமேற்குக் கரைவரை, இருநூறுக்கும் மேற்பட்ட கூன்முதுகுத் திமிங்கிலங்களைக் கள்ளத்தனமாகக் கொன்றன. அவற்றின் வயிற்றில் மத்தி, கானாங்கெளுத்தி, கிரில் வகை உயிரிகள் இருந்தன. துருவக் கடலுக்குப் போகாமல் இங்கேயே உண்டு வாழும் கூட்டம் அது என்பதற்கு அந்தப் பதிவுகள் முக்கியச் சான்று. என்ன விலையில் வந்த சான்று என்பதையும் பார்க்க வேண்டும். ஓமான் கரையில் இந்தத் திமிங்கிலங்கள் இன்று நூற்றுக்கும் குறைவாகவே இருப்பதாக மதிப்பீடு. உலகின் பிற கூன்முதுகுத் திமிங்கிலங்களிடமிருந்து இவை சுமார் 70,000 ஆண்டுகளாகப் பிரிந்து நிற்கின்றன என்று 2014இல் கண்டறிந்தது, உயிருள்ள விலங்குகளின் மேல் அம்பெய்து எடுத்த தோலிலிருந்துதான். இவற்றின் உணவைப் பற்றி இனி ஒரு கேள்வி எழுந்தால், அதற்காக ஒன்றைக்கூடக் கொல்ல யாருக்கும் உரிமை இருக்க முடியாது.

2014 மார்ச் 31 அன்று சர்வதேச நீதிமன்றம், ஜப்பானின் இரண்டாம் அண்டார்க்டிக் திட்டம் அறிவியல் ஆராய்ச்சிக்கான வேட்டை அல்ல என்று 12க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. கொல்லும் முறை எப்போதுமே ஆராய்ச்சியாகாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. வயிறு போன்ற சில தரவுகளுக்குக் கொல்லாத வழி நடைமுறையில் இல்லை என்ற வாதத்தையும் அது ஒதுக்கிவிடவில்லை. ஆனால் அறிவிக்கப்பட்ட நோக்கங்களுக்கு அத்தனை விலங்குகள் தேவைதானா, கொல்லாத முறைகளைப் போதுமான அளவு பரிசீலித்தார்களா என்று கேட்டது. திருப்தியான பதில் வரவில்லை. சுமார் 3,600 மிங்க் திமிங்கிலங்கள் இறந்திருந்தன. ஜப்பான் காட்ட முடிந்த சகமதிப்பீட்டுக் கட்டுரைகள் இரண்டு. அவையும் முறையே ஏழு, இரண்டு திமிங்கிலங்களின் தரவுகளைக் கொண்டே எழுதப்பட்டவை.

2019இல் ஜப்பான் திமிங்கில ஆணையத்தைவிட்டு வெளியேறி, ஜூலை 1 முதல் தன் கடல் எல்லைக்குள் வணிக வேட்டையை மீண்டும் தொடங்கியது. அண்டார்க்டிக்கில் கொல்வது அத்துடன் நின்றது, ஆராய்ச்சி நிற்கவில்லை. 2019-20 பருவம் முதல் ஜப்பானியக் கப்பல்கள் அங்கே சென்று திமிங்கிலங்களை எண்ணுகின்றன, படமெடுக்கின்றன, செயற்கைக்கோள் கருவி பொருத்துகின்றன, அம்பெய்து தோலும் கொழுப்பும் எடுக்கின்றன. இதை நடத்துவது, முன்பு வேட்டைத் திட்டங்களை நடத்திய அதே ஆய்வு நிறுவனம்.