சந்திராவின் கண்

வானிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களைப் பூமியின் வாயுமண்டலம் தடுத்து விடுகிறது. நமது உயிருக்கு அது க்ஷேமம். வான சாஸ்திரிக்கோ பெரிய இடையூறு. ஆகவேதான் 1999 ஜூலையில் அமெரிக்கர்கள் ‘சந்திரா’ என்னும் தூரதிருஷ்டிக் கண்ணாடியை ஆகாசத்தில் ஏற்றினார்கள். என்றோ வெடித்துச் சிதறிய நக்ஷத்திரமொன்றின் நடுவே, அதன் எஞ்சிய கருவென்று கருதத்தக்க ஒரு புள்ளியை அது அவ்வாண்டிலேயே காட்டிற்று. காஸியோபியா மண்டலத்தில் உள்ளது அது.

அக்கருவி தாங்கும் பெயர், சென்னைப் பிரஸிடென்ஸி கலாசாலையில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகருடையது. எரிந்து ஓய்ந்த நக்ஷத்திரத்தின் எடை சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கைத் தாண்டினால், அது வெண்குள்ளனாக நிலைத்திருக்க முடியாது என்று அவர் கணக்கிட்டார். 1935-ல் லண்டன் சபையில் எடிங்டன் அதைப் பரிகசித்தார். 1983-ல் சந்திரசேகருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

2024-ல் இக்கருவிக்கு ஆகும் செலவைப் பெரிதும் குறைக்க யோசனை எழுந்தது, விஞ்ஞானிகள் ஆக்ஷேபித்தார்கள். நியாயம் அவர்கள் பக்கமே என்பது நமது அபிப்பிராயம். அறிவுப்பயிர் விளைய அரை நூற்றாண்டும் ஆகலாம். வரவு செலவுக் கணக்கோ ஆண்டுதோறும் முடிகிறது. இதற்கு அப்பெயரைவிட வேறு சாக்ஷி வேண்டுமா?