படிக்கட்டு வயலுக்குப் பஸ் டிக்கெட்

மலை முழுவதும் பச்சைப் படிக்கட்டு போட்டாற் போன்ற ஒரு படத்தை நீங்கள் காலண்டரிலோ கைத்தொலைபேசியிலோ பார்த்திருப்பீர்கள். அடிவாரத்திலிருந்து உச்சி வரையில் வரிசை வரிசையாக நெல் வயல். ஒவ்வொரு படியிலும் தண்ணீர். தண்ணீரில் மேகத்தின் நிழல். பார்த்த மாத்திரத்தில் வீட்டில் யாராவது ஒருவர், "இங்கே ஒரு தடவை போய் வர வேண்டும்" என்று பெருமூச்சு விடுவார். பிலிப்பைன்ஸ் தேசத்து இஃபுகாவோ மலை என்று கீழே எழுதியிருப்பதைப் படித்ததும் பெருமூச்சு இரட்டிக்கும். நாலு பேர் கொண்ட குடும்பத்துக்கு விமானக் கட்டணத்தைக் கணக்குப் போட்டால், வீட்டு அரிசிப் பானையே அல்லவா காலியாகிவிடும்!

அந்தப் பெருமூச்சுக்கு இந்த வாரம் பஸ் கட்டணத்தில் ஒரு மருந்து சொல்லப் போகிறேன். தேனி ஜில்லாவுக்குப் போங்கள். கம்பம் பள்ளத்தாக்கைப் பாருங்கள்.

"கம்பத்தில் மலை மேல் நெல் வயல் ஏது?" என்று தேனி வாசகர் ஒருவர் இந்நேரம் கடிதம் எழுதக் காகிதம் தேடிக்கொண்டிருப்பார். சற்றுப் பொறுங்கள், ஐயா! மலை மேல் இல்லைதான், மலையடியில்தான் இருக்கிறது. ஆனால் அந்த வயலுக்கு வேண்டிய தண்ணீர், மலையைக் குடைந்துகொண்டு அப்புறத்திலிருந்து இப்புறம் வருகிறது. இஃபுகாவோவில்கூட இந்த அதிசயம் கிடையாது.

எப்படிப் போவது என்பதை முதலில் முடித்துவிடுவோம். மதுரையிலிருந்து போடிக்கு ஓடிக்கொண்டிருந்த சின்ன ரயில், பாதையை அகலமாக்குவதற்காக 2010-ஆம் வருஷக் கடைசியில் நின்றுபோயிற்று. பிள்ளைகள் பிறந்து பள்ளிக்கூடம் போகிற வயசு வரையில் அது திரும்பி வரவில்லை! 2022 மே மாதம் தேனி வரையிலும், 2023 ஜூனில் போடி வரையிலும் மறுபடி ரயில் ஓடத் தொடங்கியது. அத்துடன் சென்னையிலிருந்து வாரத்தில் மூன்று நாள் நேர் வண்டியும் வந்தது. தேனியில் இறங்கி, குமுளி போகிற பஸ்ஸில் ஏறிவிடுங்கள்.

கார் வைத்துக்கொண்டு போகலாமே என்பார்கள். நான் பஸ் கட்சி. காரில் உட்கார்ந்தால் முன்னால் போகிற லாரியின் முதுகுதான் தெரியும். பஸ் ஜன்னல் உயரம். தென்னந்தோப்பு வேலியைத் தாண்டி வயல் தெரியும், வயலைத் தாண்டி ஆறு தெரியும், ஆற்றைத் தாண்டி மலை தெரியும். பழனிசெட்டிபட்டி, வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் என்று வழியில் ஊர்கள் வந்துகொண்டே இருக்கும். இடது பக்கத்து ஜன்னலுக்கு மேகமலை, வலது பக்கத்து ஜன்னலுக்குக் கேரள எல்லை மலை. பிள்ளைகள் ஜன்னலுக்குச் சண்டை போட்டால், போகும்போது ஒருவருக்கு, வரும்போது ஒருவருக்கு என்று தீர்ப்புச் சொல்லிவிடலாம். சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதால், கம்பத்திலிருந்து பக்கத்து ஊர்களுக்குப் போய்வரும்போது என் தாயாரும் சம்சாரமும் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள். செலவு வைக்கிற பேர்வழி நான் ஒருவன்தானாம்!

காலம் பார்த்துப் போவது முக்கியம். முதல் போகத்துக்குப் பெரியாற்றுத் தண்ணீரை ஜூன் முதல் தேதி திறந்துவிடுவது வழக்கம். அணையில் நீர் போதாத வருஷங்களில் தள்ளிப் போவதுண்டு. தண்ணீர் வந்து, நாற்று விட்டு, உழுது, நடவு முடிந்து, பயிர் பச்சை பிடிப்பதற்குள் ஆடி, ஆவணி ஆகிவிடும். அதுதான் சமயம். பள்ளிக்கூட லீவு என்று சித்திரையில் கிளம்பினால், இரண்டாம் போகத்து அறுவடையும் முடிந்து தாளும் வெயிலும்தான் இருக்கும்.

நாங்கள் ஆவணியில் ஒரு சனிக்கிழமை போனோம். கூடலூரில் இறங்கி, ஒருவரிடம் கேட்டுக்கொண்டு வயக்காட்டுப் பக்கம் நடந்தோம். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் நடப்பது ஒரு வித்தை. ஏழு வயதுப் பெண் அரை நிமிஷத்தில் அதைக் கற்றுக்கொண்டாள். அறுபத்தெட்டு வயது என் தாயாருக்கு அது முன்பே தெரியும். நடுவில் இருந்த நாங்கள் இருவரும்தான் கையை நீட்டிக்கொண்டு சர்க்கஸ்காரர்களைப் போல் போனோம்.

பதினொரு வயதுப் பையனுக்கு ஏமாற்றம். "என்னப்பா, படிக்கட்டு வயல்னு சொன்னீங்க? இது ஒரு சாண் உயரம்கூட இல்லையே!" என்றான்.

வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் சிரித்துவிட்டார்கள். "ஒரு சாணு போதும் தம்பி. தண்ணிக்குக் கண்ணு ரொம்பக் கூர்மை. ஒரு விரக்கடை சரிஞ்சாலும் அதுக்குத் தெரிஞ்சுரும்" என்றார்கள்.

அப்புறம் பையனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். பள்ளத்தாக்கு முழுவதுமே கூடலூரிலிருந்து தேனியை நோக்கி மெல்லச் சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வைத்தான் ஆயிரமாயிரம் சின்னப் படிகளாக வெட்டியிருக்கிறார்கள். மேல் வயலின் மடையைத் திறந்தால் தண்ணீர் கீழ் வயலுக்கு இறங்கும். மேல் வயல்காரர் மடையை அடைத்துக்கொண்டால் கீழ் வயல்காரருக்குத் தூக்கம் இல்லை. வயலுக்குள் தரை மேடுபள்ளம் இல்லாமல் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஒரு மூலைப் பயிர் மூழ்கும், இன்னொரு மூலைப் பயிர் காயும். மலையைச் செங்குத்தாக வெட்டினால் படம் எடுக்க வருகிறார்கள். ஒரு சாண் ஒரு சாணாக நாற்பது கிலோமீட்டர் வெட்டினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை!

லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரையில் இப்படி 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலம். உத்தமமுத்து வாய்க்கால், பாளையம் பரவு என்றெல்லாம் பெயர் கொண்ட பதினேழு வாய்க்கால்கள் இதற்குத் தண்ணீர் கொண்டு போகின்றன.

"தண்ணி வராத வருஷம் என்ன பண்ணுவீங்க?" என்று என் தாயார் அந்த அம்மாளைக் கேட்டார்.

"என்னக்கா பண்ணுறது? இளவட்டங்க வெளியூருக்கு வேலைக்குப் போயிருவாக. ஒரு தடவை போனவுக எல்லாரும் திரும்பி வர்றதில்ல. அணையில எத்தனை அடின்னு தினம் பேப்பர்ல பாக்குறதுதான் எங்களுக்குப் பஞ்சாங்கம்" என்றார்கள் அந்த அம்மாள்.

அந்தப் பஞ்சாங்கம் எங்கே கணிக்கப்படுகிறது என்று பார்க்க, பஸ் ஏறி லோயர் கேம்ப்புக்குப் போகவேண்டும். மேற்கே சுவர் மாதிரி நிற்கிற மலைதான் தென்மேற்குப் பருவக்காற்றை மறித்து, மழையைத் தன் அப்பக்கத்திலேயே கொட்டச் செய்கிறது. பெரியாறு அந்த மழையை வாங்கிக்கொண்டு அரபிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. மலையின் இப்பக்கத்தில் வானம் பார்த்த பூமி. 1887-இல் வேலை தொடங்கி, கர்னல் பென்னிகுக் என்ற என்ஜினீயர் அந்த ஆற்றின் குறுக்கே சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து 176 அடி உயரத்துக்கு அணை எழுப்பினார். தேங்கிய நீரைக் கிழக்கே திருப்ப, மலையின் வயிற்றில் ஒரு மைலுக்கு மேல் சுரங்கம் குடைந்தார்கள். காய்ச்சலிலும் வெள்ளத்திலும் எத்தனையோ தொழிலாளிகள் மாண்டார்கள். 1895 அக்டோபரில் சென்னை கவர்னர் வென்லாக் திறந்துவைத்தார். மேற்கே பாய்ந்த ஆறு கிழக்கே இறங்கியது!

இன்றைக்கு அந்தத் தண்ணீர் நாலு ராட்சதக் குழாய்களில் மலைச்சரிவில் இறங்கி, லோயர் கேம்ப் மின் நிலையத்தில் மின்சாரத்தைக் கொடுத்துவிட்டு ஆற்றில் சேருகிறது. குழாய்க்கு அதிகமாக வருகிற நீர், மலைப் பாதையில் உள்ள இரைச்சல் பாலத்தின் வழியாக விழுகிறது. என்ன பொருத்தமான பெயர்! தண்ணீர் விழுகிற நாளில் அங்கே பக்கத்தில் நிற்பவரோடு பேச முடியாது. சில தம்பதிகளுக்கு இது சௌகரியமாகவும் இருக்கலாம். லோயர் கேம்ப்பில் 2013-இல் திறந்த பென்னிகுக் மணிமண்டபம் இருக்கிறது. அவர் தம் சொத்தை விற்று அணையைக் கட்டி முடித்தார் என்று ஊரில் சொல்வார்கள். அதற்கு ஆதாரம் எங்கே என்று சரித்திரக்காரர்கள் தகராறு செய்வார்கள். தகராறு ஒரு பக்கம் இருக்கட்டும். பள்ளத்தாக்கில் எத்தனையோ டீக்கடைகளில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அவர் படம் இருக்கிறது. ஜனவரி 15 அவருடைய பிறந்த நாள் என்பதால் பொங்கலோடு பொங்கலாக அவருக்கும் பொங்கல் வைக்கிறார்கள்.

அணையின் முழுக் கொள்ளளவுக்கான மட்டம் 152 அடி. பத்திரம் பற்றிய பயத்தினால் 1979-இல் அதை 136 அடிக்குக் குறைத்தார்கள். 2014-இல் சுப்ரீம் கோர்ட்டு 142 வரையில் தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அணைக்குக் கீழே, கேரளப் பக்கத்தில், குழந்தைகளோடு தூங்கும் தாய்மார்களுக்கும் பயம் இருக்கத்தான் செய்யும்; அதைக் கேலி செய்ய நமக்கு உரிமை இல்லை. ஆனால் அந்த ஆறடிக்காக மன்றாடினவர்கள் யார் என்பது, கூடலூர் வரப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தவர்களுக்கு நன்றாகப் புரியும்.

இஃபுகாவோவிலும் கதை இதேதான். படத்தில் வயலை மட்டும் காட்டுகிறார்கள். வயலுக்கு மேலே உள்ள காட்டைக் காட்டுவதில்லை. அங்கே ஒவ்வொரு குடும்பமும் தன் வயலுக்கு மேலே ஒரு துண்டுக் காட்டை வைத்துக் காப்பாற்றி வருகிறது. காடு மழையைப் பிடித்து வைத்துக்கொண்டு, வயலுக்குக் கொஞ்சங் கொஞ்சமாகக் கொடுக்கிறது. 1995-இல் யுனெஸ்கோ அந்த வயல்களை உலகச் சொத்து என்று அறிவித்தது. இளைஞர்கள் பட்டணம் போய், கரைகள் இடிந்து விழ, 2001-இல் அபாயப் பட்டியலில் சேர்த்தது. திருத்தியமைத்த பிறகு 2012-இல் எடுத்தது. நமக்கும் மேலே காடு இருக்கிறது. தேக்கடிக் காடு. வித்தியாசம் என்னவென்றால், அவர்களுடைய காடு வயலுக்கு மேலே. நம்முடையது மலைக்கு அப்புறம், இன்னொரு ராஜ்யத்தில்.

"மலையடியிலேயே திரும்பிவிடுவதா? ஏறிப் பார்க்க வேண்டாமா?" என்று கேட்பீர்கள். என் பையனும் கேட்டான்.

இங்கே நான் கொஞ்சம் கண்டிப்பானவன். போடிக்கு மேலே குரங்கணி மலையில் 2018 மார்ச் 11-ஆம் தேதி நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். சென்னையிலிருந்தும் கொங்கு நாட்டிலிருந்தும் உற்சாகமாக ஏறினவர்கள், இறங்கி வரும்போது காய்ந்த புல்லில் பற்றிய காட்டுத்தீயில் அகப்பட்டுக் கொண்டார்கள். இருபத்து மூன்று உயிர்கள் போயின. அதற்குப் பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. இப்போது வன இலாகாவிடம் முன்கூட்டியே பதிவு செய்து, அவர்கள் அனுப்பும் வழிகாட்டியுடன்தான் போகவேண்டும். தீப்பிடிக்கும் கோடையில் பாதைகளை மூடிவிடுவார்கள். "எனக்குத் தெரிந்த ஒருவர் குறுக்கு வழியில் கூட்டிப் போவார்" என்று யாராவது சொன்னால், பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு எதிர்த் திசையில் நடையைக் கட்டுங்கள்.

குடும்பத்தோடு ஏறுவதற்கென்றே பள்ளத்தாக்கில் ஒரு நாள் இருக்கிறது: சித்ரா பௌர்ணமி. கூடலூருக்குப் பக்கத்தில் உள்ள பளியன்குடியிலிருந்து மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு மலைப் பாதையில் ஆறரை கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அனுமதி. அன்றைக்குக் கம்பத்திலிருந்து விசேஷ பஸ் விடுவார்கள். கைக்குழந்தை முதல் கிழவி வரையில் ஏறுவார்கள். மதுரையை எரித்த பிறகு கண்ணகி வந்து நின்ற மலை இதுதான் என்பது அவர்கள் நம்பிக்கை. பிளாஸ்டிக்குக்கு அனுமதி இல்லை. தண்ணீரை உலோகப் பாத்திரத்தில் கொண்டு போங்கள். முழங்கால் வலிக்காரர்கள் குமுளியிலிருந்து ஜீப்பில் போகலாம். மேலே நின்று பார்த்தால் கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். பச்சைக்கு மட்டும் அந்த மாதம் உத்தரவாதம் இல்லை என்பதை முன்பே சொல்லிவிட்டேன்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. முல்லைப் பெரியாற்றில் பிள்ளைகளை இறக்காதீர்கள். மின் நிலையத்தில் எவ்வளவு திறக்கிறார்களோ அதைப் பொறுத்து ஆறு திடீரென்று ஏறும். பார்க்கச் சாதுவாக இருக்கும், இழுப்பு பொல்லாதது. குளிக்கத்தான் வேண்டும் என்றால் கம்பத்திலிருந்து பஸ் ஏறிச் சுருளி அருவிக்குப் போங்கள். அங்கேயும் யானை நடமாட்டம், வெள்ளம் என்று மூடியிருக்கிற நாட்கள் உண்டு. கம்பம் பஸ் ஸ்டாண்டிலேயே விசாரித்துக் கொள்ளுங்கள். அடுத்தது, வரப்பில் நடக்குமுன் வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். புதிதாக மண் அணைத்த வரப்பில் கால் வைத்தால் அது அவருக்கு அரை நாள் வேலை.

சுருளி வழியெல்லாம் பன்னீர்த் திராட்சைப் பந்தல்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. தோட்டத்து வாசலிலேயே வாங்கலாம். ஊர் திரும்பும் பஸ்ஸில் அதை மேலே சாமான் தட்டில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். சின்னமனூர் தாண்டுவதற்குள் பாதி காலியாகிவிடும் என்பது வேறு விஷயம்.