தனி ஆளுக்குக் காப்புறுதி எதற்கு?

“டீச்சர், நான் தனி ஆள். கல்யாணம்கூட ஆகல. எனக்கு ஏதாவது ஆகிட்டா வீட்டை பேங்கே எடுத்துக்கட்டும். அதுக்கு எதுக்கு எட்டாயிரம் வெள்ளி காப்புறுதி?”

என்னிடம் இடைநிலைப்பள்ளியில் அறிவியல் படித்த மாணவர் ஒருவர் அண்மையில் கேட்ட கேள்வி இது. இப்போது அவருக்கு வயது 27. ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. சிம்மோர் பக்கம் ஒரு தரை வீடு வாங்குகிறார். கடன் 250,000 வெள்ளி. 35 ஆண்டுத் தவணை. அதோடு சேர்த்து, கடன் குறையக் குறைய தானும் குறையும் எம்.ஆர்.டி.ஏ. என்ற ஆயுள் காப்புறுதியையும் வங்கி நீட்டியிருக்கிறது. சட்டப்படி அது கட்டாயமில்லை. ஆனால், எடுத்தால் வட்டி சற்றுக் குறையும் என்று சொன்னார்களாம்.

கேள்வி நியாயமானதுதான். காப்புறுதி முகவர்கள் பெரும்பாலும் சொல்லும் பதில், “இளவயதில் எடுத்தால் மலிவு” என்பது. அது உண்மை. ஆனால் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகத் தேவையில்லாத பொருளை யாரும் வாங்குவதில்லை.

நம் தோட்டங்களில் ஒரு வழக்கம் இருந்தது. லயத்தில் ஒரு சாவு விழுந்தால், சம்பளத்திலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அந்தக் குடும்பத்திடம் கொடுப்பார்கள். மரண சகாய நிதி என்று பெயர் வைத்து முறையாக நடத்திய இடங்களும் உண்டு. காப்புறுதியின் அடிப்படை முழுவதும் அதில் அடங்கிவிட்டது. யாருக்கு எப்போது நேரும் என்று தெரியாது. ஆனால் பெரிய கூட்டத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய எத்தனை பேருக்கு நேரும் என்று கணக்கிடலாம். வால்நட்சத்திரத்தால் பெயர் பெற்ற எட்மண்ட் ஹேலிதான் 1693இல் பிரெஸ்லாவ் நகரத்தின் பிறப்பு, இறப்புப் பதிவுகளைக் கொண்டு எந்த வயதில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்ற அட்டவணையை வெளியிட்டார். இன்றைய காப்புறுதி நிறுவனங்களின் சந்தாக் கணக்கு அந்த வழியில் வந்ததுதான்.

அந்தக் கணக்கில் ஒரு விஷயம் ஒளிவுமறைவின்றி இருக்கிறது. நிறுவனம் தன் செலவையும் இலாபத்தையும் சேர்த்துத்தான் சந்தா வாங்குகிறது. ஆகவே சராசரியாகப் பார்த்தால் காப்புறுதி வாங்குபவர் எப்போதும் நட்டத்தில்தான் இருப்பார். தெரிந்தும் ஏன் வாங்குகிறோம்? தாங்கவே முடியாத ஓர் இழப்பை, தாங்கக்கூடிய ஒரு சிறு தொகையாக மாற்றிக்கொள்கிறோம். அதனால் ‘எனக்கு நேருமா?’ என்று கேட்பதைவிட, ‘நேர்ந்தால் யார் தலையில் விழும், அவர்களால் தாங்க முடியுமா?’ என்று கேட்பதே சரி.

என் மாணவரிடம் அதைத்தான் கேட்டேன். “அந்த வீட்டில் யார் இருக்கப் போகிறார்கள்?”

“அப்பா, அம்மா, நான்.”

அவர் பெற்றோர் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டமொன்றில் பால் மரம் வெட்டியவர்கள். வாழ்நாளெல்லாம் இருந்த வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை முடிந்ததும் வீடும் முடிந்தது. இந்தக் குடும்பத்துக்குச் சொந்தப் பெயரில் வரும் முதல் வீடு இதுதான். மணமாகாத மகன் உயில் எழுதாமல் இறந்தால், 1958ஆம் ஆண்டுச் சொத்துப் பகிர்வுச் சட்டப்படி எல்லாம் பெற்றோருக்குச் சேரும். வீடு சேரும், அதன் மேலுள்ள கடனும் கூடவே வரும். பெற்றோர் கடனுக்குக் கையெழுத்துப் போடாவிட்டால் வங்கி அவர்கள் சட்டைப்பையில் கைவைக்க முடியாது. ஆனால் தவணை நின்றால் வீடு ஏலத்துக்குப் போகும். உத்தரவாதக் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தப் பாதுகாப்பும் இல்லை. விண்ணப்பப் பாரத்தில் ‘மணமாகாதவர்’ என்று போட்டிருக்கலாம். நம் வீடுகளில் அதற்கு ‘தனி ஆள்’ என்று பொருளாகிவிடாது.

உண்மையிலேயே யாரும் சார்ந்திராத ஒருவர் என்றால், அவர் சொன்னதுதான் சரி. வங்கி வீட்டை விற்றுக் கடனை எடுத்துக்கொள்ளட்டும். அவருக்கு இறப்புக் காப்புறுதி வேண்டாம் என்று நானே சொல்வேன்.

இனி கடன் கணக்குக்கு வருவோம். 250,000 வெள்ளி, 4 விழுக்காடு வட்டி, 35 ஆண்டு என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 1,107 வெள்ளி. முதல் மாதத்தில் அதில் 833 வெள்ளி வட்டிக்கே போய்விடும். கடன் குறைவது 274 வெள்ளிதான். பத்து ஆண்டில் 132,800 வெள்ளி கட்டியிருப்பார். கடனோ 40,300 வெள்ளிதான் குறைந்திருக்கும். இருபது ஆண்டு கழித்தும் ஒன்றரை லட்சம் நிற்கும். வரைபடமாகப் போட்டால், நீண்டநாள் ஏறக்குறைய சமதளமாகப் போய்க் கடைசியில் சரியும் மலை போல இருக்கும். இருபதுகளின் முடிவில் இறப்புக்கான வாய்ப்பு மிகக் குறைவு. ஐம்பதைத் தாண்டும்போது அது பல மடங்காகிறது. ஒரு கோடு இறங்க, மற்றது ஏறுகிறது. பெற்றோருக்காக எடுக்கும் காப்புறுதி முப்பத்தைந்து ஆண்டும் ஓட வேண்டுமா என்று யோசிக்க வேண்டிய இடம் இதுதான்.

அந்த எட்டாயிரம் வெள்ளிச் சந்தாவைக் கடனோடு சேர்த்துவிடலாம் என்று வங்கியில் சொன்னார்கள். அப்படிச் சேர்த்தால் அதே வட்டியில் அது 14,900 வெள்ளியாகிறது. இன்னொன்று, இந்தக் காப்புறுதியின் தொகை ஓர் அனுமான வட்டியைக் கொண்டு முன்பே எழுதப்பட்ட அட்டவணைப்படி குறைகிறது. பேங்க் நெகாராவின் அடிப்படை வட்டி 2020 ஜூலையில் 1.75 விழுக்காடு, 2023 மே மாதத்தில் 3 விழுக்காடு. வட்டி ஏறினால் கடன் அட்டவணை சொல்வதைவிட மெதுவாகக் குறையலாம். இடைவெளியைக் குடும்பம்தான் நிரப்ப வேண்டும். சாதாரணத் தவணைக்கால ஆயுள் காப்புறுதியின் விலையையும் வெளியில் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். அது வீட்டோடு கட்டப்படாதது. வீட்டை விற்றாலும் தொடரும்.

சாவைவிட நான் அஞ்சுவது வேறொன்று. உயிரோடு இருந்து வேலை செய்ய முடியாமல் போனால் தவணை கட்டுவது யார்? யாருமே சார்ந்திராத தனி ஆளுக்கும் இந்தக் கேள்வி உண்டு. சம்பளம் கொண்டுவர வீட்டில் இன்னொருவர் இல்லை என்பதால் அவருக்கே அது அதிகம். எம்.ஆர்.டி.ஏ.வில் ‘முழுமையான நிரந்தர ஊனம்’ என்று ஒரு வரி இருக்கும். அதன் விளக்கம் மிகக் கடுமையானது. ஓராண்டு படுக்கையில் கிடந்து எழுந்தால் அதில் சேராது. சொக்சோ சந்தா செலுத்தும் தனியார் துறைத் தொழிலாளருக்கு இயலாமை ஓய்வூதியம் உண்டு. அது எவ்வளவு வரும் என்று கேட்டுவிட்டு மீதிக்குப் பாதுகாப்புத் தேடுவதே சரி.

இத்தனையும் பேசி முடித்த பிறகு, “தீக் காப்புறுதியில் என்ன எழுதியிருக்கிறது?” என்றேன். “அது பேங்க் போட்டுடும் டீச்சர்” என்றார். இந்த அலட்சியம்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

சுண்ணாம்பு நீரில் மூச்சை ஊதினால் வெண்மையாகும். நிறுத்தாமல் ஊதிக்கொண்டே இருந்தால் மறுபடி தெளியும். பள்ளி ஆய்வகத்தில் எல்லாரும் செய்த சோதனை. இரண்டாவது கட்டத்தில் கரிவளி கலந்த நீர், கால்சியம் கார்பனேட்டைக் கரைக்கிறது. ஈப்போவைச் சுற்றியுள்ள மலைகளில் குகைகள் உண்டானதும் அப்படித்தான். கிந்தா பள்ளத்தாக்கில் வெளியே தெரியும் மலைகள் கொஞ்சம். பள்ளத்தாக்கின் அடியிலும், வண்டல் மண்ணுக்குக் கீழே, பெரும்பாலும் அதே சுண்ணாம்புப் பாறைதான் பரவிக் கிடக்கிறது. அதிலும் பொந்துகள் உண்டு. நிலத்தடி நீர் மட்டம் இறங்கினாலோ, குழாய் கசிந்து மேல்மண்ணை அரித்தாலோ, மண் அந்தப் பொந்துக்குள் சரிந்து தரை உள்வாங்கும். போதாததற்கு, பல வீடமைப்புப் பகுதிகள் பழைய ஈய லம்பங்களை நிரப்பிய மண்ணின் மேல் நிற்கின்றன.

வழக்கமான வீட்டு உரிமையாளர் காப்புறுதியில் தீ, வெள்ளம், குழாய் வெடிப்பு ஆகியவை இருக்கும். வெறும் தீக் காப்புறுதியில் வெள்ளம்கூட இருக்காது. நிலம் உள்வாங்குவதும் மண்சரிவும் இரண்டிலும் சேராது. கூடுதல் சந்தா கட்டிக் கேட்டு வாங்க வேண்டும். அடுக்குமாடி வீடு என்றால் கட்டடத்துக்கான காப்புறுதியை நிர்வாகக் கழகம் எடுக்கும். அதிலும் இந்தச் சேர்க்கை இருக்கிறதா என்று கேட்கலாம்.

1973 அக்டோபரில் குனோங் சீரோ மலையின் ஒரு பக்கம் பெயர்ந்து விழுந்து, அடிவாரக் குடியிருப்பில் சுமார் 40 பேர் மாண்டார்கள். ஈப்போவின் பழைய தலைமுறைக்கு அது மறக்கவில்லை. அந்த மலையைத் தினமும் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போகும் இளைஞர்கள், தங்கள் வீட்டுப் பத்திரத்தில் ‘நிலம்’ என்ற சொல்லுக்கு அருகே என்ன விலக்கு எழுதியிருக்கிறது என்று படிப்பதில்லை.

அவருக்கு நான் சொன்னது: பெற்றோர் இருக்கும்வரை ஆயுள் காப்புறுதி எடு, ஆனால் வெளியில் விலை கேட்டபின் எடு, சந்தாவைக் கடனில் சேர்க்காதே, நிலச்சரிவுச் சேர்க்கையைக் கேட்டு வாங்கு. வருகிற சனிக்கிழமை வீட்டைப் பார்க்கப் போகிறோம். சுவரில் படிப்படியாகச் சாய்ந்து ஏறும் விரிசல் இருக்கிறதா, கதவுகள் இறுகாமல் மூடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். அந்த இடத்தில் முன்பு லம்பம் இருந்ததா என்று பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் அவரே கேட்டுவைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.