‘இன்று வேண்டாம்’ என்பதன் விலை

மத்தியப் பிரதேசத்தின் ரேவாவில் 2023 ஜனவரியில், இரவில் தரையிறங்க வந்த பயிற்சி விமானம் ஒன்று கோயில் கோபுரத்தில் மோதி விழுந்தது. பயிற்றுநர் உயிரிழந்தார்; உடனிருந்த மாணவர் காயமடைந்தார். பனிமூட்டம் நிலவியதாகச் செய்திகள் கூறின. இத்தகைய விபத்துகளில் ‘மனிதத் தவறு’ என்ற இரு சொற்களோடு விவாதம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அத்தவறைச் சூழ்ந்துள்ள பொருளாதாரம் பேசப்படுவதில்லை.

இந்தியாவில் வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். செலவு பல லட்சம் ரூபாய். வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கும் குடும்பங்களும் உண்டு. பள்ளிக்கோ விமானம் பறந்தால்தான் வருமானம். இளம் பயிற்றுநருக்கும் அந்த மணிகளே அடுத்த வேலைக்கான முதலீடு. ஆக, ‘இன்று பறக்க வேண்டாம்’ என்று சொன்னால் மூவருக்கும் இழப்பு. ரேவா விபத்துக்கு இதுவே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால், எச்சரிக்கையாக இருப்பவர் இழப்பைச் சுமக்கும் ஏற்பாடு எந்தத் தொழிலுக்கும் ஆபத்தானது.

தரையிறக்கம் மாணவருக்குக் கடினமான பாடம். வேகம் கூடினால் சிறு விமானம் ஓடுபாதையில் பட்டுத் துள்ளும்; பதற்றத்தில் அதன் மூக்கைக் கீழே அழுத்தினால் முன்சக்கரம் முறியலாம். முழு விசை கொடுத்து மேலெழுந்து, மீண்டும் சுற்றி வருவதே முறை. ஆனால், பார்ப்பவர் கண்ணுக்கு அது தோல்வியாகத் தெரியும் என்ற கூச்சம் மாணவரைத் தடுக்கக்கூடும். கேலிக்கு அஞ்சிச் சந்தேகம் கேட்காமலே தேர்வுக்குப் போன மாணவர்களை நானும் வகுப்பறையில் கண்டிருக்கிறேன். அவர்கள் இழந்தது மதிப்பெண் மட்டுமே.

2023இல் ஏர் இந்தியா 470, இண்டிகோ 500 விமானங்களுக்குக் கொள்முதல் ஆணை அளித்தன. விமானிகளின் தேவை பெருகும்போது பள்ளிகள் மீதான அழுத்தமும் பெருகும். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2025இல் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தத் தொடங்கியது நல்ல செய்தி; முதல் பட்டியலில் உயர்ந்த இரு தரங்களை ஒரு பள்ளியும் பெறவில்லை என்பது கவலைக்குரிய செய்தி.

வானிலை கருதிக் கைவிடப்பட்ட பயிற்சியையும், மாணவர் தாமே முன்வந்து தெரிவித்த மோசமான தரையிறக்கத்தையும் பள்ளியின் நற்குறியாகக் கணக்கிட வேண்டும். கட்டணத்தை மணிக்கணக்கில் பெறாமல் முழுப் படிப்புக்கும் நிர்ணயிக்கலாம். அப்போது பள்ளிகள் பறக்கும் நேரத்தைச் சுருக்க முனையலாம். 200 மணி என்ற கீழ்வரம்பு அதை ஓரளவு தடுக்கும். மழையாலும் பனியாலும் படிப்பு நீண்டால், கல்விக் கடனின் தவணை விடுப்புக் காலமும் தானாகவே நீள வேண்டும். வங்கிகளுக்கு இது பெரிய சுமையன்று.