கடல் உள்வாங்கினால் பயப்படணுமா?

'திருச்செந்தூரில் கடல் உள்வாங்கியது, பக்தர்கள் அச்சம்!' இந்தச் செய்தியை எத்தனை முறை படித்திருப்பீர்கள், குட்டீஸ்? நம்ம திண்டுக்கல்லில் கடல் இல்லைதான். ஆனால் பாலக்காட்டில் இருந்து பழனி, திண்டுக்கல் வழியாக வரும் ரயிலில் ஏறினால், நேரே திருச்செந்தூரில் இறங்கலாம். நீங்கள் போகிற அன்று தண்ணீர் பின்வாங்கி, பாசி படிந்த பாறைகள் தெரிந்தால்?

செய்தி வந்த தேதியைக் காலண்டரில் பாருங்கள். பெரும்பாலும் அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டியே இருக்கும். அந்த நாட்களில் சூரியன், பூமி, சந்திரன் மூன்றும் ஏறக்குறைய நேர்கோட்டில் வருவதால், சூரியனும் சந்திரனும் சேர்ந்து கடல் நீரை இழுக்கின்றன. அதனால் தண்ணீர் வழக்கத்தைவிட அதிகமாக ஏறும். வழக்கத்தைவிட அதிகமாக இறங்கவும் செய்யும். இதுதான் ஓதம். ஏறிய தண்ணீர் இறங்கி முடிக்க சுமார் 6 மணி நேரம் ஆகும், மெதுவாகத்தான் போகும்.

குஜராத்தில், ஜாம்நகர் அருகே நராரா என்ற இடத்தில், தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துப் பவளப்பாறைகளுக்கு நடுவே நடந்தே போகிறார்கள். நட்சத்திர மீன், நண்டு, அதிர்ஷ்டம் இருந்தால் ஆக்டோபஸ்கூடக் கண்ணில் படும்! நம் மன்னார் வளைகுடாவிலும் பவளமும் கடல் அட்டையும் உண்டு. பார்க்கலாம், பையில் போட்டுக்கொண்டால் குற்றம். 2001 முதல் அவை சட்டப் பாதுகாப்பில் உள்ளன.

அப்படியானால் மக்கள் ஏன் பயப்படுகிறார்கள்? 2004 டிசம்பர் 26 நினைவுதான். அன்று மாமல்லபுரத்தில் கடல் சட்டென்று பின்வாங்கி, நீருக்கடியில் கிடந்த பாறைகள் வரிசையாகத் தெரிந்தன. சில நிமிடங்களில் சுனாமி அலை வந்துவிட்டது. தமிழகத்தில் மட்டும் சுமார் 8 ஆயிரம் பேர் இறந்தனர். இதில் ஒன்றைக் கவனியுங்கள்: அன்றும் பௌர்ணமி! ஆகவே காலண்டர் மட்டும் போதாது, கடிகாரத்தையும் பார்க்கணும். மணிக்கணக்கில் இறங்கினால் ஓதம். நிமிடக்கணக்கில் ஓடினால், வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு ஓடணும்.

எல்லாச் சுனாமியும் கடலை முதலில் உள்ளே இழுப்பதில்லை. அதே நாளில் தாய்லாந்தின் புக்கெட் கடற்கரையில் இருந்த டில்லி ஸ்மித் என்ற 10 வயது இங்கிலாந்துச் சிறுமி பார்த்தது வேறு. தண்ணீர் நுரைத்துக்கொண்டு, திரும்பிப் போகாமல் ஏறிக்கொண்டே இருந்தது. இரண்டு வாரம் முன்பு புவியியல் வகுப்பில் படித்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. "சுனாமி வருது!" என்று கத்தினாள். அப்பா காவலாளியிடம் ஓடிப்போய்ச் சொல்ல, கடற்கரை காலியானது. அங்கே ஒருவர்கூட இறக்கவில்லை.