பாதி திறக்கும் ஜன்னல்

வேளாங்கண்ணியில் புதிதாக வீடு கட்டுகிறவர்களிடம் ஜன்னலைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "எல்லாத்துக்கும் ஸ்லைடிங் சொல்லியாச்சுங்க." ஹாலுக்கும் அதுதான், படுக்கையறைக்கும் அதுதான், சமையலறைக்கும் அதுதான். கிழக்குச் சுவர், மேற்குச் சுவர் என்ற பேதம் கிடையாது. அலுமினியமா, யுபிவிசியா என்பதில் மட்டும் கொஞ்சம் பேச்சு நடக்கும். இழுத்துத் திறக்கிற பெரிய கண்ணாடி ஜன்னல்தான் காற்றும் வெளிச்சமும் கூடுதலாகத் தரும், கதவு வைத்த பழைய ஜன்னல் அந்தக் காலத்துச் சமாச்சாரம் என்ற நம்பிக்கை கடற்கரையில் தொடங்கி உள்ளே கீழ்வேளூர், திருத்துறைப்பூண்டி வரைக்கும் வேரோடிவிட்டது. இது தவறான நம்பிக்கை. கடலோரத்தில் குடியிருப்பவர்களுக்கு இதனால் வருகிற நஷ்டம் இன்னும் அதிகம்.

முதலில் காற்றுக் கணக்கு. இரண்டு கண்ணாடிகள் கொண்ட ஸ்லைடிங் ஜன்னலில் ஒன்றைத் தள்ளினால் அது மற்றொன்றின் பின்னால் போய் நிற்கும். ஆக, எப்படித் திறந்தாலும் பாதிதான் திறக்கும். மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2018இல் வீடுகளுக்கென்று ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித்தொகுப்பை வெளியிட்டது. நம்மைப் போன்ற வெப்பமும் ஈரப்பதமும் உள்ள பகுதிகளில், வீட்டின் தரைப்பரப்பில் 16.66 சதவீதம், அதாவது ஆறில் ஒரு பங்கு, உண்மையில் திறக்கக்கூடிய இடமாக இருக்க வேண்டும் என்கிறது அது. கீலில் திறக்கும் ஜன்னலுக்கு அளவில் 90 சதவீதமும், இரண்டு கண்ணாடி ஸ்லைடிங்குக்கு 50 சதவீதமும்தான் திறப்பாகக் கணக்கு வைக்கிறது. விதி பெரிய மனைகளை மனதில் வைத்து எழுதப்பட்டது என்றாலும், காற்றுக்கு மனையின் அளவு தெரியாது. 10க்கு 12 அடி படுக்கையறையை எடுத்துக்கொள்வோம். தரை 120 சதுர அடி, வேண்டிய திறப்பு 20 சதுர அடி. நம் ஊர்களில் வழக்கமாக வைக்கிற 5க்கு 4 அடி ஜன்னல் சரியாக 20 சதுர அடி. அது ஸ்லைடிங் என்றால் கிடைப்பது 10. கதவு ஜன்னல் என்றால் 18. மேலே ஒரு சின்ன வென்டிலேட்டர் வைத்தால் கணக்கு நேராகிவிடும். அந்தப் பத்துச் சதுர அடிக்கும் கொசுவலை மாட்டிய பிறகு உள்ளே வருகிற காற்று இன்னும் குறைகிறது. இதைத்தான் கூடுதல் காற்று என்று நம்பிப் பணம் கொடுக்கிறோம்.

வேளாங்கண்ணியில் காற்று ஒரே திசையில் இருந்து வருவதில்லை. சித்திரை, வைகாசியில் உச்சிப்பொழுது சாய்ந்ததும் கடற்காற்று கிழக்கிலிருந்து ஏறும். இரவு ஏற ஏறக் காற்று தரைப்பக்கம் திரும்பும். ஆனி, ஆடியில் மேல்காற்று வயல்வெளிகளைத் தாண்டிப் புழுதியோடு வரும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை, மழையைச் சாய்த்துக்கொண்டு வடகிழக்கிலிருந்து அடிக்கும். இந்த ஊருக்கு வயதான காலத்தில் குடிவருகிறவர்களுக்கும், கோயில் பக்கம் அறை கட்டி வாடகைக்கு விடுகிறவர்களுக்கும் மீனவர் குடும்பங்கள் இதைச் சொல்லித் தருவார்கள்; ஜன்னல் விற்கிறவர் சொல்ல மாட்டார். கிழக்கும் மேற்கும் ஒன்றையொன்று பார்த்து முழுசாகத் திறக்கிற ஜன்னல்கள் இருந்தால்தான் இந்தக் காற்றுகளை எல்லாம் ஒரு வீடு பயன்படுத்திக்கொள்ள முடியும்.

ஆனால் மேற்கில் வெயில் வருமே? வரும். கண்ணாடியைப் பற்றிய மயக்கம் இங்கேதான் அதிகம் கெடுக்கிறது. சாதாரணத் தெளிவான கண்ணாடி தன்மேல் விழுகிற வெயிலின் வெப்பத்தில் பெரும்பகுதியை அப்படியே உள்ளே விட்டுவிடும். கிழக்கிலும் மேற்கிலும் சூரியன் தாழ்வாக நிற்பதால் சன்ஷேடு அதைத் தடுக்காது. நாம் பூமத்திய ரேகைக்கு 10 பாகைக்குச் சற்று மேலே இருக்கிறோம்; ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. அதனால் வடக்குச் சுவர் என்றும் நிழல்தான் என்று அங்கே சன்ஷேடு இல்லாமல் கண்ணாடியை விரிப்பதும் சரியல்ல. மூடிய கண்ணாடி காற்றை வெளியே நிறுத்திவிட்டு வெயிலை உள்ளே விடுகிறது. நமக்கு வேண்டியது இதற்கு நேர் எதிரானது.

அந்த எதிரான ஜன்னல் இந்தக் கரையிலேயே இருக்கிறது. தரங்கம்பாடியிலும் புதுச்சேரியிலும் பழைய வீடுகளின் ஜன்னல் கதவுகளைப் பாருங்கள். கண்ணாடிக்குப் பதில், சாய்த்து அடுக்கிய மெல்லிய மரப்பட்டைகள். மத்தியானம் மூன்று மணிக்குச் சாத்தி வைத்தாலும் வெயில் நுழையாது, சாரல் அவ்வளவாக நுழையாது, காற்று மட்டும் பட்டைகளுக்கு இடையே நுழைந்துவிடும். நம் ஓட்டு வீடுகளில் இருந்த நாலு கதவு ஜன்னலும் அறிவோடு செய்யப்பட்டதுதான். மேலே இரண்டு கதவு, கீழே இரண்டு கதவு. தெருவில் போகிறவர் கண் படாமல் இருக்கக் கீழ்க்கதவைச் சாத்தி மேல்கதவைத் திறக்கலாம். இரவில் பாய் விரித்துப் படுத்தால் கீழ்க்கதவைத் திறக்கலாம். தரையோடு வருகிற காற்று உடம்பின்மேல் படும். புழுக்கமான ஊரில் காற்று அறைக்குள் வந்தால் மட்டும் போதாது, வியர்த்த உடம்பின்மேல் பட்டாக வேண்டும். அடிமட்டத்தை மூன்று அடிக்கு மேல் தூக்கி வைத்த ஜன்னல், கட்டிலில் படுத்திருப்பவரின் தலைக்கு மேலே காற்றைக் கொண்டுபோய் எதிர்ச்சுவரில் விடுகிறது.

உப்பைப் பற்றிச் சொல்லாமல் கடலோர ஜன்னலைப் பேச முடியாது. ஸ்லைடிங் ஜன்னலின் கீழ்த்தண்டவாளத்தைக் குனிந்து பாருங்கள். மணல், உப்புப் பொருக்கு, செத்த கொசு, எறும்பு இழுத்து வந்த இரை எல்லாம் அந்தப் பள்ளத்தில் சேர்ந்து ஈரத்தில் இறுகியிருக்கும். தண்ணீர் வெளியேற விட்டிருக்கிற சின்ன ஓட்டையை முதலில் அடைப்பது அதுதான். வாடை மழை சாய்ந்து அடிக்கிற இரவில் தண்டவாளம் நிரம்பும். காற்று அந்தத் தண்ணீரை உள்ளே தள்ளும். காலையில் ஜன்னலுக்குக் கீழே சுவரில் நீர் வழிந்த தடம் இருக்கும். உருளைச் சக்கரங்கள் துருப்பிடித்து இறுகிய பிறகு ஒரு கண்ணாடியைத் தள்ள இரண்டு கை வேண்டும். வயதானவர்கள் அந்த ஜன்னலைத் திறப்பதையே விட்டுவிடுகிறார்கள். யுபிவிசி துருப்பிடிக்காது என்பது உண்மை. அதன் உள்ளே பலத்துக்கு வைக்கிற இரும்பும், திருகும், சக்கரமும் யுபிவிசி இல்லையே.

எதிர்த்தரப்பு சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மரக்கதவு ஐப்பசி மழையில் ஊதிப்போய்ச் சிக்கிக்கொள்ளும். நன்றாக உலராத மரத்தில் அடித்த கதவுகள் அந்தப் பெயரை வாங்கித் தந்துவிட்டன. கொக்கி மாட்டாமல் விட்டால் கடற்காற்றில் படார் படார் என்று அடித்துக்கொள்ளும். தேக்கு விலை எல்லோராலும் தாங்க முடியாது. இவை எல்லாம் ஆசாரி தீர்க்கக்கூடிய குறைகள்: உலர்ந்த மரம், சரியான இடைவெளி, திறந்த இடத்திலேயே கதவை நிறுத்திப் பிடிக்கிற கொக்கி. மரமே வேண்டாம் என்றால் யுபிவிசியிலும் அலுமினியத்திலும் கீலில் திறக்கும் ஜன்னல் கிடைக்கிறது. கீலும் திருகும் 316 தர எவர்சில்வர்தானா என்று கேட்டு வாங்க வேண்டும். 304 தரத்தைவிட அது உப்புக்காற்றைத் தாங்கும். பாதி திறக்கும் குறையை எந்த ஆசாரியாலும் தீர்க்க முடியாது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. வெளிப்பக்கம் திறக்கும் கதவைச் சாத்தித் தாழிட்டால், எதிரே வருகிற காற்று அதை நிலையோடு சேர்த்து அழுத்தும்; அடிக்க அடிக்க இறுகும். ஸ்லைடிங் கண்ணாடி நகர வேண்டும் என்பதற்காகவே சுற்றிலும் இடைவெளி விட்டுச் செய்யப்படுவது. அந்த இடைவெளியில் புயல் காற்று விசிலடிக்கும், கண்ணாடி தண்டவாளத்திலேயே ஆடும். புயலுக்குப் பிறகு டெல்டாவின் பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. கார்த்திகை பிறக்கிற சமயமாக இருந்ததால் புழுக்கத்தைச் சமாளித்தோம். "ஏசி போடத்தானே போறோம், ஜன்னல் எதுவா இருந்தா என்ன?" என்று கேட்கிறவர்கள், சித்திரையில் அப்படி ஒரு வாரம் வந்தால் அந்த அறையில் கைக்குழந்தையை எப்படித் தூங்க வைப்பது என்று யோசித்துப் பார்க்க வேண்டும். ஏசி ஓடுகிறபோதும் ஸ்லைடிங்கின் அந்த இடைவெளி வழியாகக் குளிர் கசிந்துகொண்டுதான் இருக்கும்.

ஸ்லைடிங்கே கூடாது என்பதல்ல என் கட்சி. விடுதி நடைபாதையைப் பார்த்த ஜன்னலில் கதவு வைத்தால் போகிறவர் தலையில் இடிக்கும். அங்கே ஸ்லைடிங்தான் சரி. பால்கனிக்கும் சரி. குளியலறைக்குச் சாய்ந்த கண்ணாடிப் பட்டை வைத்த வென்டிலேட்டர் போதும். சமையலறையில் மேடைக்கு மேலே முழுசாகத் திறக்கும் ஜன்னலும், கூரையை ஒட்டி வென்டிலேட்டரும் இரண்டும் வேண்டும். அடுப்புச் சூடு மேலே ஏறும், அது போக வழி மேலேதான் இருக்க வேண்டும். மாடிப்படிக்குச் செங்கல் ஜாலியே போதுமானது. மேற்கு படுக்கையறைக்கு மரப்பட்டைக் கதவு.

கட்டுகிறவர்கள் ஒன்று செய்யலாம். மேஸ்திரியோ ஜன்னல் கம்பெனியோ கொடுக்கிற கொட்டேஷனில் அகலம், உயரம், சதுர அடி விலை என்று மூன்று கட்டம் இருக்கும். நான்காவதாக ஒரு கட்டம் போடச் சொல்லுங்கள்: திறக்கும் அளவு எத்தனை சதுர அடி. அதையும் எழுதித் தந்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.