அருகம்புல்லுக்கு விசா வேண்டாம்!

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். மறுப்பு இருந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.

என்னிடம் உயிரியல் படித்த மாணவர் ஒருவர் இப்போது ஒரு சொகுசு விடுதிக் கட்டுமானத்தில் மேற்பார்வையாளர். அங்கே கோல்ஃப் மைதானமும் வருகிறதாம். குழியைச் சுற்றி, பந்தை மெல்ல உருட்டிவிடும் வழவழப்பான இடத்துக்குக் ‘கிரீன்’ என்று பெயர். அதற்கு வெளிநாட்டு ‘பென்ட்’ புல்தான் உயர்ந்தது என்று ஆலோசகர் ஒருவர் சொன்னாராம். “நம்ம வெயிலுக்குத் தாங்குமா சார்?” என்று தம்பி கேட்டார்.

தாங்காது. பென்ட் புல் குளிர்நாட்டுப் பயிர். 15 முதல் 24 டிகிரி வரை அதற்குச் சுகம். நம் சித்திரை வெயிலில் வேர் சுருங்கி, பூஞ்சை பிடித்துச் சாகும். ஊட்டி, கொடைக்கானல் என்றால் பேசலாம். சமவெளியில் அதை வளர்ப்பது பனிக்கரடியை வண்டலூரில் கட்டிப்போட்டு விசிறி வீசுகிற வேலை.

வெயில் நாடுகளில் கிரீனுக்குப் போடுவது ‘பெர்முடா’ புல்லின் குடும்பம். பெர்முடா என்றதும் விலை ஏறிவிடுகிறது. அது வேறொன்றுமில்லை, நம் அருகம்புல்! ‘சைனோடான் டாக்டைலான்’ என்ற ஒரே தாவரம். பிள்ளையாருக்குச் சாத்துகிறோம், “ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி” என்று மணமக்களை வாழ்த்துகிறோம், நிலக்கடலைக் கொல்லையில் கண்டால் திட்டிக்கொண்டே பிடுங்குகிறோம். கம்பு, கரும்பு போல இதுவும் சி4 வகை. வெயில் ஏற ஏறத்தான் வளரும்.

அதற்காக வரப்பில் பிடுங்கியதைக் கிரீனில் நடச் சொல்லவில்லை. கிரீனில் புல்லை 3 முதல் 5 மில்லிமீட்டர் உயரத்தில் தினமும் வெட்ட வேண்டும். வரப்புப் புல் அந்த வெட்டுக்கு இலை இழந்து தண்டாக நிற்கும். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டன் ஊரில் கிளென் பர்ட்டன் என்ற விஞ்ஞானி இதற்குத் தீர்வு கண்டார். அருகம்புல்லையும் அதன் ஆப்பிரிக்க உறவையும் கலந்து உருவான ‘டிஃப்கிரீன்’ 1956-இலும், அதிலிருந்து வந்த குட்டை ரகமான ‘டிஃப்ட்வார்ஃப்’ 1965-இலும் வெளியாயின. ஒரு பெற்றோருக்கு 36 குரோமோசோம், இன்னொன்றுக்கு 18. பிள்ளைக்கு 27. ஒற்றைப்படை, ஆகவே மலடு. விதையே கிடையாது. டிஃப்ட்வார்ஃப் விதை என்று யாராவது பாக்கெட் நீட்டினால் அவர் ஏமாற்றுகிறார். துண்டு வேர்த்தண்டை நட்டுத்தான் பெருக்க வேண்டும். அதுதான் சிக்கனத்துக்கும் வழி: கொஞ்சம் நல்ல நாற்று வாங்கி, சொந்த நாற்றங்காலில் பெருக்கிக்கொள்ளலாம்.

அதைவிட நெருக்கமான ‘டிஃப்ஈகிள்’ போன்ற ரகங்கள் இருக்கின்றனவே என்பார்கள். இருக்கின்றன. ஆனால் அவை மெத்தைபோல் அடை கட்டும். அடிக்கடி கீறிவிட்டு, மணல் தூவிக்கொண்டே இருக்க வேண்டும். நம் ஊர் நெசவாளருக்கு இது புரியும்: சேலை வாங்கும் விலை ஒன்று, அதைப் பாதுகாக்கும் செலவு வேறு. கடலோர உப்புத் தண்ணீர்தான் கிடைக்கும் என்றால் ‘பாஸ்பேலம்’ போடுங்கள். 2016 ரியோ ஒலிம்பிக் கிரீனில் போட்டது அதன் ஒரு ரகம்தான்.

இந்த பர்ட்டன் நமக்கு அந்நியரும் அல்லர். அவர் கம்பிலும் ஆராய்ச்சி செய்தவர். அவர் தந்த ‘டிஃப்ட் 23ஏ’ வரிசையை வைத்துத்தான் லூதியானாவில் 1965-இல் இந்தியாவின் முதல் வீரிய ஒட்டுக் கம்பு வந்தது. விளைச்சல் பெருகியது. எல்லா வயலிலும் ஒரே தாய்வழி என்பதால், அடுத்த பத்தாண்டில் அடிச்சாம்பல் நோய் வந்தபோது அடியும் பலமாக விழுந்தது. பதினெட்டு கிரீனிலும் ஒரே ரகத்தைப் போடுபவர்கள் இந்தப் பாடத்தை மறக்க வேண்டாம்.

இப்போது கணக்கு. ஒரு கிரீன் 500 சதுர மீட்டர் என்று வையுங்கள். அமெரிக்க முறைப்படி அடியில் 30 சென்டிமீட்டர் மணல். பதினெட்டு கிரீனுக்கு 2,700 கன மீட்டர், அதாவது சுமார் 950 யூனிட். இதை ஆற்றில் அள்ளினால் என்ன ஆகும் என்று கமண்டல நாகநதிக் கரையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எம்-சாண்டைச் சலித்துக் கழுவி, ஆய்வகத்தில் சோதித்துப் பயன்படுத்தப் பாருங்கள்.

தண்ணீர்? மைதானத்தில் 100 ஏக்கருக்குக் கோடையில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் பாய்ச்சினால் 20 லட்சம் லிட்டர். ஜல் ஜீவன் திட்ட அளவான 55 லிட்டர் வீதம் 36,000 பேருக்கு ஒரு நாள் தண்ணீர். 2019 ஜூனில் சென்னையின் ஏரிகள் வறண்டு, குடத்தோடு வரிசையில் நின்றதை மறந்துவிட்டோமா? சுத்திகரித்த கழிவுநீர் கிடைக்காத இடத்தில் கோல்ஃப் மைதானத்துக்கு அனுமதியே கூடாது என்பது என் கட்சி. புல் வேண்டாமென்றால் எண்ணெய் கலந்த மணலால் ‘பிரௌன்’ அமைத்து ஆடலாம். இந்தியாவில் பல மைதானங்களில் அப்படித்தான் ஆடியிருக்கிறார்கள்.

“சேவூரில் உட்கார்ந்துகொண்டு கோல்ஃபைப் பற்றி உங்களுக்கு என்ன சார்?” என்று சிலர் கேட்பீர்கள். எனக்கு இதுதான்: பந்து வழுக்கி ஓடுவதற்காக உலகம் அறுபது எழுபது ஆண்டு அருகம்புல்லை ஆராய்ந்திருக்கிறது. நம் பிள்ளைகளோ சரளைக்கல் மைதானத்தில் கபடி ஆடி முட்டி பெயர்ந்து வீட்டுக்குப் போகிறார்கள். அவர்களுக்கு 3 மில்லிமீட்டர் வேண்டாம், ஓர் அங்குலப் புல் போதும். கொல்லையில் பிடுங்கி வரப்பில் எறியும் அருகம்புல் இலவசம். ஆடி மழையில் நட்டு, இரண்டு மாதம் ஆடு மாடு நுழையாமல் வேலி போட்டால் தரை மூடிவிடும். ரகம் தேட வேண்டாம், ஆலோசகர் வேண்டாம்.

தலைமை ஆசிரியர்களே, ஊராட்சி உறுப்பினர்களே, இந்த ஆடியில் ஒரே ஒரு பள்ளியில் செய்து காட்டுங்கள். மண்வெட்டியோடு நான் வருகிறேன்.